பின்னால் எல்லாம் சரி

தார்ன்பி, லிங்கன்ஷயர்
12 பிப்ரவரி 2011

அன்புள்ள ரோலண்ட்,

நான் நலம். உன் தோள்வலி குறைந்ததா? படகு இன்ஜினைத் தூக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடு என்றால் நீ கேட்கப்போவதில்லை. கணினியைத் தொடமாட்டேன், தொலைபேசியில் பேசினால் சண்டை வரும் என்று நீ சொல்லி எட்டு வருடமாகிறது. இந்த ஊர்த் தபால் நிலையம் மூடப்படாமல் இருப்பதே என்னால்தான்.

அப்பாவின் வீட்டை விற்கும்வரை இங்கேயே இருக்கிறேன். கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருகிறேன். நேற்றுப் பேருந்தில் உள்ளூர்ப் பத்திரிகை கிடைத்தது. நடுப்பக்கத்தில் ஒரு ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானம். கணினியில் செய்தது. ஜூன் மாதம் ஃபென்சைடு விமானக் காட்சியகத்தில் மரத்தால் ஒரு விமானி அறை கட்டி, அதற்குள் நிஜமாகவே பறப்பதுபோல் ஓட்டிப் பார்க்கும் இந்த சிமுலேட்டரை வைக்கப்போகிறார்களாம். கீழே எழுதியிருந்தது: "உருவாக்கியவர்: டெனிஸ் வாட்லோ."

அது அப்பாவின் விமானம், ரோலண்ட். இடது இறக்கையில் ஒரு தகட்டை மட்டும் வேறு பச்சையில் தீட்டியிருப்பார், நினைவிருக்கிறதா? வில்ஃப் தாத்தாவின் விமானத்தில் அப்படி ஒட்டுப்போட்டிருந்ததை ஒரே ஒரு புகைப்படத்தில் பார்த்துச் செய்தது. அந்தப் புகைப்படம் நம் வீட்டு மாடத்தில்தான் இருக்கிறது. வாட்லோவின் விமானத்திலும் அதே தகடு, அதே பச்சை.

அப்பாவுக்கு அந்த விமானத்தின்மேல் இருந்த பித்து எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. இரண்டு வயதில் இழந்த தகப்பனைத் தேட ஒரு மனிதன் கொட்டகைக்குள் கணினிமுன் பதினைந்து வருடம் உட்கார வேண்டுமா என்று கேட்டவள் நான்தான். ஆனால் அவர் செத்து மூன்று மாதத்தில் இன்னொருவன் அதன்மேல் பெயர் எழுதிக்கொள்வதை என்னால் பொறுக்க முடியாது. வாட்லோவைச் சும்மா விடப்போவதில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

*

ஸ்ட்ரோம்னெஸ், ஆர்க்னி
9 மார்ச் 2011

அன்புள்ள அக்கா,

தோள் பரவாயில்லை. காற்றுதான் மூன்று வாரமாக ஓயவில்லை. படகுகள் கரையிலேயே கிடப்பதால் வேலை குவிந்திருக்கிறது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

வாட்லோ விஷயம் படித்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொட்டகைச் சாவி ஜன்னல் தொட்டியடியில் இருந்தது ஊருக்கே தெரியும். அவன் உள்ளே போய் எடுத்திருப்பான். நடந்தது நடந்துவிட்டது. போனவருக்குப் பெயர் எதற்கு? வீட்டை விற்றுவிட்டு நீ உன் ஊருக்குப் போ.

புகையில் வாட்டிய மீன் அனுப்பியிருக்கிறேன். காகிதத்தைப் பிரித்ததும் சாப்பிட்டுவிடு.

அன்புடன்,
ரோலண்ட்

*

தார்ன்பி
19 மார்ச் 2011

அன்புள்ள ரோலண்ட்,

மீன் வந்தது. தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனார். நன்றி. நான் நலமே, கோபத்தைத் தவிர.

காட்சியகத்துக்குப் போனேன். வாட்லோவை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு, 2006இல்தான் இந்தப் பக்கம் குடிவந்தான். பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன், இப்போது காட்சியகத்தின் பொறுப்பாளன். பெரியவர்களோடும் வகுப்பறையில் பேசுவதுபோலத்தான் பேசுவான். விமானி அறையை அப்போதுதான் தச்சர்கள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் செத்தது. பிறகு கையை விரித்துக்கொண்டு வந்தான்.

"அடடே, லென்னோட மகளா! வாம்மா. பாவம், நல்ல மனுஷன். எனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருந்தாரு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதான், ஒண்ணு ரெண்டு புகைப்படம் குடுத்தாரு. மத்தபடி ராப்பகலா உழைச்சது நான்."

"அந்தப் பச்சைத் தகடு?"

"எது? ஓ, அதுவா. அது... அந்தக் காலத்து வழக்கம்."

வழக்கமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. விமானத்துக்குள் வரைபடம் பார்த்து வழிசொல்பவர் அமரும் மேசையின் விளக்கு இடப்பக்கம் இருந்தது. அது தவறு. ஒரு முதியவர் கடிதம் எழுதிச் சொன்னபின், 2004இல் அப்பா அதை வலப்பக்கம் மாற்றினார். அன்று அவர் எனக்குத் தொலைபேசி செய்து அரைமணி நேரம் அந்த விளக்கைப் பற்றியே பேசினார், மறக்க முடியுமா?

ஆக, வாட்லோவிடம் இருப்பது 2004க்கு முந்தைய பிரதி. அவன் வந்ததோ 2006. போன வருடம் கொட்டகைக்குள் நுழைந்து திருடியிருந்தால் விளக்கு வலப்பக்கம் இருந்திருக்கும். யாரோ அவனுக்குப் பழைய பிரதியைக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் அவருக்கும் பங்கு உண்டு.

காற்றில் வெளியே நிற்காதே.

ஹெஸ்டர்

*

ஸ்ட்ரோம்னெஸ்
2 மே 2011

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஏப்ரல் முழுவதும் ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினோடு மல்லுக்கட்டினேன். உரிமையாளர் தினமும் வந்து, "என்ன தம்பி, உயிரு இருக்கா?" என்பார். "உங்களுக்கா, இன்ஜினுக்கா?" என்பேன். கடைசியில் ஓடிவிட்டது. இங்கே இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

பழைய பிரதிகள் எத்தனையோ பேரிடம் இருந்திருக்கும். அப்பா யாருக்கு என்ன கொடுத்தார் என்று யார் கண்டது.

அந்த வாட்லோவின் விமானத்தில் குரல்கள் இருக்கின்றனவா?

ரோலண்ட்

*

தார்ன்பி
9 மே 2011

அன்புள்ள ரோலண்ட்,

நலம். தோட்டத்தில் அந்தப் புளிப்புத் தண்டு, ருபார்ப், தாறுமாறாக வளர்ந்து கிடக்கிறது. உனக்குப் பிடிக்குமே என்று ஜாம் செய்கிறேன்.

குரல்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். தெரியவில்லை, அன்று ஒலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பாவுடையதில் உன் குரல் இருந்த இடம் எட்டு வருடமாக வெறுமைதான். விமானத்தின் அடிவயிற்றில், தாத்தா செத்த அந்தத் தகரக் குழிக்குள், பின்பக்கத் துப்பாக்கிக்காரனாக உன்னைப் பேசவைத்தார் அல்லவா? நீ கோபித்துக்கொண்டு போன வாரத்திலேயே அதை அழித்துவிட்டார். "வேறு யாரையாவது பேசச் சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கேட்டேன். "அந்த இடம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது என் திட்டத்தைக் கேள். ஹாம்ப்டனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வால் சுக்கானை மட்டும் அழுத்தி மிதித்துத் திருப்பினால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். அப்போது காற்று சுக்கான்களை ஒருபக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விமானி எவ்வளவு உதைத்தாலும் மிதி திரும்பாது; விமானம் சுற்றிக்கொண்டே விழும். தாத்தாவின் விமானம், உலகப் போரில் குண்டுபோடப் போன காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பிவந்து, சொந்த ஓடுதளத்தின் கண்முன்னாலேயே அப்படித்தான் விழுந்தது. கடைசி வருடங்களில் அப்பா இந்தக் குணத்தைச் சரியாகச் சேர்த்துவிட்டார். வாட்லோவின் பழைய பிரதியில் இது இல்லை. அது பால் வண்டிபோலப் போகும்.

பத்து நாளாகக் கொட்டகையில் உட்கார்ந்து பறக்கக் கற்கிறேன். சிரிக்காதே. பலமுறை செத்தேன். தப்பிக்க ஒரே வழி, விழும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளி வேகம் பிடிப்பது. பயந்தவன் செய்யமாட்டான்.

திறப்பு விழாவில் மேயர் முன்னால் வாட்லோவே ஓட்டிக்காட்டப் போகிறான். அவன் ஓட்டப்போவது அப்பாவின் ஹாம்ப்டனாக இருக்கும்.

ஜாம் அடுத்த வாரம் வரும்.

ஹெஸ்டர்

*

ஸ்ட்ரோம்னெஸ்
13 மே 2011

அக்கா,

நலமா? உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

விழாவுக்குப் போகாதே. ஊர் சிரிக்கும், உன் கல்லூரிக்கும் தெரிந்துவிடும். அவனுக்கு ஒரு கடிதம் போடு, வக்கீலைப் பார், என்ன வேண்டுமானாலும் செய். அங்கே போய் நிற்காதே. ஜூன் மாதம் இங்கே வந்துவிடேன். அறை இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். எட்டு வருடத்தில் நான் உன்னை அழைப்பது இதுதான் முதல்முறை, தெரியுமல்லவா?

ரோலண்ட்

*

தார்ன்பி
3 ஜூன் 2011

அன்புள்ள ரோலண்ட்,

அழைத்ததற்கு நன்றி. உண்மையாகவே மனம் இளகியது. ஆகஸ்டில் வருகிறேன். ஜூனில் வேலை இருக்கிறது.

வேலை பாதி முடிந்தும்விட்டது. விமானம் பறக்கும் குணத்தை மட்டும் மாற்றுகிற அப்பாவின் பறப்புக் கோப்பை ஒரு குறுந்தகட்டில் போட்டு, ருபார்ப் கேக் ஒன்றும் சுட்டு எடுத்துக்கொண்டு வாட்லோவின் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நடிப்பு எனக்கு வருமென்று தெரியாது.

"அப்பா கடைசியா சில அளவுகளைத் திருத்தி வெச்சிருந்தார். எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத்தான் உபயோகப்படும்."

"அதெல்லாம் பெண்பிள்ளைகளுக்குப் புரியறது கஷ்டம்மா" என்றான், கேக்கை வெட்டிக்கொண்டே. நான் வேதியியல் பேராசிரியை என்பது அவனுக்குத் தெரியும்.

"சேர்த்துட்டு ஒருதடவை ஓட்டிப் பாத்துடுங்க. விழா நாளாச்சே."

"எனக்கா? சிமுலேட்டர்ல என் பறப்பு அனுபவம் உன் வயசைத் தாண்டும்."

அவன் ஓட்டிப் பார்க்கமாட்டான். எச்சரித்தேன் என்பதற்குக் கேக் சாட்சி.

நீ ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு பதறுகிறாய்?

ஹெஸ்டர்

*

தார்ன்பி
28 ஜூன் 2011

ரோலண்ட்,

என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமா என்று இம்முறை நானும் கேட்கப்போவதில்லை.

சனிக்கிழமை விழா. மேயர் வந்தார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் திரு. ஆர்மரோட், அந்த விமானத்தை நிஜமாக ஓட்டியவர்களில் இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருப்பவர். பெரிய திரையும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். வாட்லோ தோல் சட்டை போட்டுக்கொண்டு விமானி அறைக்குள் ஏறினான். நன்றாகவே எழும்பினான். தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, சுக்கானை ஓங்கி மிதித்தான்.

விமானம் வழுக்கியது. அவன் எதிர்மிதியை உதைக்கும் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. திரையில் வானம் போய், வயல்கள் சுற்றத் தொடங்கின.

"என்ன இது? யாராவது நிறுத்துங்க! இது கோளாறு!"

ஆர்மரோட் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கோளாறு இல்லடா, அதான் ஹாம்ப்டன்! அவளுக்கு எப்பவும் அந்தப் புத்திதான்!"

நான் எழுந்து நின்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மூக்கைக் கீழ தள்ளுங்க, டெனிஸ். இதைச் செஞ்ச லென் பாஷ்லிக்கு அது தெரியும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான ஒரு நொடி இருந்ததில்லை, ரோலண்ட். அந்த நொடியில் ஒலிபெருக்கியில் உன் குரல் கேட்டது. இருபத்துமூன்று வயதுக் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவாயே, அது.

"கேப்டன், பின்னால எல்லாம் சரி."

வயல் திரை முழுவதும் நிறைந்து, பிறகு இருட்டானது. ஜனங்கள் கைதட்டினார்கள், நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

உன் குரல் இருக்கிற பிரதி, நீ போவதற்கு முந்தைய பிரதி. அப்படி ஒன்று யாரிடம் இருந்திருக்க முடியும் என்று நான் மார்ச்சிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன், உன்னிடமே அதைச் சொல்லிக்கொண்டு. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வாட்லோவைப் பிடித்தேன். முகம் வேர்த்திருந்தது.

"என்னை ஏம்மா அசிங்கப்படுத்தினே? போய் உன் தம்பிகிட்ட கேளு. ரெண்டு வருஷம் முன்னால தபால்ல அனுப்பினதே அவன்தான். நீங்களே உங்க பேரைப் போட்டுக்கங்கன்னு எழுதினான். ஒரே ஒரு நிபந்தனை: லென் பேரு எங்கயும் வரக் கூடாது."

இரண்டு வருடம் முன்னால் என்றால் அப்பா உயிரோடு இருந்தார். நான் மருந்து மாத்திரை வாங்க ஓடிக்கொண்டிருந்தேன்.

வாட்லோ காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டான். யார் பெயரைப் பொறிப்பது என்று அவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உன் பதில் வேண்டும். ஏன்?

ஹெஸ்டர் பாஷ்லி

*

ஸ்ட்ரோம்னெஸ்
30 ஆகஸ்ட் 2011

அக்கா,

நீ ஆகஸ்டில் வரமாட்டாய் என்று தெரியும். இருந்தும் அறையைப் பெருக்கி வைத்தேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அம்மாவுக்கு மாரடைப்பு, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகிவிட்டது. இதுதான் உனக்குத் தெரியும். நீ லீட்ஸில் இருந்தாய்.

கொட்டகைக் கதவில் "பறக்கிறேன்" என்ற சிவப்புப் பலகை தொங்கினால், அவர் தரையிறங்கும்வரை யாரும் தட்டக் கூடாது. நம் வீட்டுச் சட்டம். அன்று மத்தியானம் அவர் சிமுலேட்டரில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், நிஜத்தில் ஆகும் அதே ஆறேழு மணி நேரத்தில். அவருடைய சிமுலேட்டர் சங்கத்துக்காரர்களும் அவரவர் வீட்டிலிருந்து இணையம் வழியாகக் கூடவே பறந்தார்கள். அப்போதெல்லாம் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தானே. அவர் பறக்கிறவரை வீட்டுத் தொலைபேசி செத்துக் கிடக்கும்.

அம்மா சமையலறையில் விழுந்தாள். தொலைபேசியை எடுத்தேன், காதில் கிறீச்சென்ற இரைச்சல். கைபேசிக்கு நம் ஊரில் கோபுரமே கிடையாது. ஓடிப்போய்க் கதவை இடித்தேன். "அப்பா, லைனை விடுங்க! அம்மா விழுந்துட்டாங்க!" உள்ளே தாழ்ப்பாள். ஜன்னலைத் தட்டினேன். திரைச்சீலை இடுக்கில் தெரிந்தார். ஹெட்போன் மாட்டியிருந்தார். திரும்பாமலேயே ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. மதுக்கடைவரை ஓடித் தொலைபேசி செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்தது.

அடக்கம் முடிந்த அன்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"உன் குரல் கேட்டுச்சுடா. ஆனா நீ எல்லாம் சரின்னுதானே சொன்னே."

என்னைக் கேலி செய்கிறாரா, பைத்தியமா என்று தெரியவில்லை. அன்றே அந்த விமானத்தின் பிரதி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் அம்மாவின் உயிரைக் குடித்து வளர்ந்த பொருள் அது. ஒருநாள் அவர் கண்முன்னால் அதை அவருடையது இல்லை என்று ஆக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று நீ எழுதியபோதுதான் நாள் வந்துவிட்டதென்று தோன்றியது. காட்சியகப் பொறுப்பாளன் யாரென்று விசாரித்து, அப்பா கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வாட்லோவுக்கு அனுப்பினேன். வாட்லோ கோழை, சாகும்வரை காத்திருந்தான்.

நான் வருத்தப்படவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள். என் குரலை அதிலிருந்து எடுத்துவிடு. அனுப்பியபோது அது இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

ரோலண்ட்

*

தார்ன்பி
21 செப்டம்பர் 2011

அன்புள்ள ரோலண்ட்,

நான் நலம். நீ தூங்குகிறாயா என்று எழுது. கேட்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உன் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் படித்தேன். என் குணம் உனக்குத் தெரியும். பிறகு கொட்டகைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே காய்கறிக்காரப் பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம், கதவையும் இடித்தாளாம். நான் இறங்கிவந்தபோது வாசலில் உருளைக்கிழங்கு மட்டும் இருந்தது. இன்ஜின் இரைச்சலுக்குள் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை.

அப்பா உன்னைக் கேலி செய்யவில்லை. நீ வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர் காதில் நீயே பேசிக்கொண்டிருந்தாய். ஜன்னல் தட்டும் சத்தமும், எங்கோ உன் குரலும் கேட்டிருக்கும். உடனே பக்கத்தில், தெளிவாக, எல்லாம் சரி என்று நீ சொல்லியிருப்பாய். அவர் கையைத் தூக்கினார்.

கோபத்தில் உன் குரலை அழித்தார் என்று நாம் இருவரும் எட்டு வருடம் நினைத்திருந்தோம். அவரால் அதைக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டதால் அவரை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. குரலை அழித்தார், மறுநாள் மறுபடி பறந்தார். பலகையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. அம்மா எப்படிச் செத்தாள் என்று என்னிடம் சொல்லவில்லை. விளக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று அரைமணி நேரம் சொன்ன மனிதர், அதைச் சொல்லவில்லை. பிப்ரவரியிலிருந்து நான் அவருக்காகப் பல்லைக் கடித்தேன், ரோலண்ட். ஒருவனை ஊர் முன்னால் விழவைத்தேன்.

காட்சியகத்துக்கு நேற்றுப் பதில் அனுப்பினேன். பித்தளைத் தகட்டில் "உருவாக்கியவர்: லெனர்ட் பாஷ்லி" என்று பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பெரிய எழுத்தில்.

உன் குரலை எடுக்கமாட்டேன். நீ கேட்ட ஒன்றே ஒன்றுதான், அதையும் மறுக்கிறேன். உனக்கும் எனக்கும் இருக்கிற கணக்கு அதில் தீரட்டும். பழிவாங்க உனக்குத் தெரியவில்லை, தம்பி. பெயரை மறைத்தால் ஆள் தப்பித்துவிடுகிறான்.

காட்சியகம் தினமும் பத்து மணிக்குத் திறக்கிறது. அவர் பெயருக்குக் கீழே உட்கார்ந்து, அம்மா போனபின் அவரால் ஒருமுறைகூடக் கேட்க முடியாததை நீ நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாய்.

ருபார்ப் ஜாம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். தோளைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெஸ்டர்